கோபத்தின் முகவரி
ஹெவி மெட்டல்: ஐந்து இசைத்தட்டுகளின் வரலாறு

1

எம்.ஏ. தமிழ் படித்தவனுக்கு இந்தக் காட்டுக்கூச்சலில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்பதுண்டு. கேட்பவர்களில் இரண்டு வகை. ஒரு சாரார் செவ்வியல் ரசனைக்காரர்கள். அவர்களுக்கு இது சங்கீதமே இல்லை. இன்னொரு சாரார் தோழர்கள். அவர்களுக்கு இது ஏகாதிபத்தியக் கழிசடை, இளைஞர்களை மயக்கும் சரக்கு. மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை. இவர்களுக்கு எதிராக மூன்றாவதாக ஒரு கோஷ்டியும் உண்டு. இரைச்சலாக எது இருந்தாலும் கலகம், முடி வளர்த்தவனெல்லாம் விளிம்புநிலை என்பது அவர்கள் கட்சி. மூன்று பேரும் செய்யாத காரியம் ஒன்றுதான்: உட்கார்ந்து கேட்பது. யார், எங்கே, எந்த ஆண்டில், யாருக்கு எதிராகப் பாடினார்கள் என்று விசாரிப்பது.

நான் கேட்பவன். கல்லூரி விடுதியில், பாட்டில் பாதி வார்த்தை புரியாத நாட்களிலேயே கேட்கத் தொடங்கியவன். புரியாமலே ஒன்று மட்டும் புரிந்தது: இதில் கோபம் இருக்கிறது. வார்த்தைகள் புரிய ஆரம்பித்த பிறகுதான் சிக்கல் வந்தது. இந்தக் கோபம் யார்மேல்? மேல்நோக்கிப் பாய்கிறதா, கீழ்நோக்கியா? இந்தக் கேள்வியோடு ஐந்து இசைத்தட்டுகளைத் திரும்பக் கேட்டதன் விளைவு இக்கட்டுரை. ஐந்துமே விற்பனையில் சக்கைப்போடு போட்டவை. மூலையில் கிடக்கும் அபூர்வங்களைத் தோண்டி எடுத்துப் புகழ்வது சுலபம். கோடிக்கணக்கானவர்கள் எதைக் கேட்டார்கள் என்பதில்தான் வரலாறு இருக்கிறது.

2

முதலில் ஒரு திருட்டிலிருந்து தொடங்க வேண்டும். 1969 அக்டோபரில் வெளிவந்தது 'லெட் ஸெப்பலின் 2'. ஹார்டு ராக்கின் இலக்கணத்தை வகுத்த தட்டு என்பார்கள். வாஸ்தவம். ஜான் பானம் டிரம்ஸை அடிக்கிற அடியில் அறையின் சுவர் எங்கே இருக்கிறது என்று கூடத் தெரிகிறது, அப்படி ஒரு ஒலிப்பதிவு. ஆனால் முதல் பாட்டான 'ஹோல் லாட்டா லவ்'வின் ஆசிரியர்கள் என்று தட்டில் அச்சாகியிருந்தது குழுவின் நான்கு வெள்ளைக்கார இளைஞர்களின் பெயர்கள். அதன் வரிகளில் கணிசமானவை வில்லி டிக்ஸன் எழுதி, மடி வாட்டர்ஸ் 1962ல் பதிவு செய்த பாட்டிலிருந்து வந்தவை. டிக்ஸன் மிஸிஸிப்பியில் பிறந்து சிகாகோவுக்குப் புலம்பெயர்ந்த கறுப்பினக் கவிஞர், இசைஞர். 1985ல் அவர் வழக்குப் போட்டார். 1987ல் நீதிமன்றத்துக்கு வெளியே பணம் கொடுத்து முடித்துக்கொண்டார்கள். அதே தட்டிலுள்ள இன்னொரு பாட்டு ஹவ்லின் உல்ஃபுடையதிலிருந்து எடுத்தது. அதற்கும் வழக்கு வந்துதான் அவர் பெயர் சேர்ந்தது.

நாட்டார் மரபில் எல்லோரும் எல்லோரிடமிருந்தும் எடுப்பதுதானே என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். நாட்டார் மரபில் உரிமைத்தொகை கிடையாது ஐயா. பொதுச்சொத்தை எடுத்து என் பெயரில் பட்டா போட்டுக்கொண்டால் அதற்கு மரபு என்று பெயரில்லை. பருத்திக்காட்டு அடிமைகளின் வாரிசுகள் உண்டாக்கிய ப்ளூஸ், லண்டன் ஸ்டுடியோவில் கறுப்பு நிறத்தை உதிர்த்துவிட்டு வெள்ளை ஆண்மையின் முழக்கமாக மாறியது. ஹெவி மெட்டலின் பிறப்புச் சான்றிதழில் அப்பன் பெயர் மறைக்கப்பட்டிருக்கிறது. இதை மறந்துவிட்டு அதன் கலகத்தைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது.

3

இரண்டாவது பிறப்பு பர்மிங்ஹாம் நகரின் ஆஸ்டன் பகுதியில். 1965ல் டோனி அயோமி என்ற பதினேழு வயதுப் பையன் தகட்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தான். வேலையை விட்டுப்போகும் கடைசி நாள். வராத ஆள் ஒருவருக்குப் பதிலாக எந்திரத்தில் நிறுத்தினார்கள். வலது கையில் இரண்டு விரல்களின் நுனி போயிற்று. இடதுகைப் பழக்கமுள்ளவன் என்பதால் கிதாரின் தந்திகளை அழுத்த வேண்டிய கை அதுதான். பாத்திரம் கழுவும் திரவத்தின் பிளாஸ்டிக் குப்பியை உருக்கி விரல்நுனிக்குத் தொப்பி செய்துகொண்டான். மெல்லிய தந்திகளைப் போட்டான். பிறகு தந்திகளின் இறுக்கத்தையே தளர்த்தினான். 1971ல் வந்த மூன்றாவது தட்டில் சுருதி மூன்று அரைத்தானம் கீழே இறங்கிவிட்டது. இன்று உலகெங்கும் மெட்டல் இசை என்றால் எந்த இருண்ட, கனத்த ஒலியைச் சொல்கிறோமோ, அதன் தோற்றத்தில் ஒரு தொழிற்சாலை விபத்துக்குப் பங்கு உண்டு. தத்துவார்த்தமாக உருவகப்படுத்திச் சொல்லவில்லை. சதையும் ரத்தமுமாக நடந்த விஷயம்.

பிளாக் சாபத் குழுவின் பாடகர் ஓஸி ஆஸ்பர்ன் மாடு அறுக்கும் கொட்டடியில் வேலை செய்தவர், திருட்டு வழக்கில் சிறைக்குப் போனவர். இவர்களுடைய முதல் தட்டு 1970 பிப்ரவரியில் வந்தபோது 'ரோலிங் ஸ்டோன்' இதழில் லெஸ்டர் பாங்ஸ் கிழித்துத் தோரணம் கட்டினார். படித்தவர்களின் ராக் ரசனைக்கு இந்தத் தொழிலாளிப் பிள்ளைகளின் கனத்த கை பிடிக்கவில்லை. அதே பாங்ஸ் 1972ல் வேறொரு இதழில் இவர்களை அறவாதிகள் என்று மறுவாசிப்புச் செய்தார். இந்த நாணயம் நம் விமர்சகர்களுக்கும் வந்தால் தேவலை.

1970 செப்டம்பரில் வந்த 'பாரனாய்ட்' தான் நம் விசாரணைக்குரியது. இதற்கு முதலில் வைக்கவிருந்த தலைப்பு 'வார் பிக்ஸ்', அதாவது போர்ப் பன்றிகள். கம்பெனி மாற்றிவிட்டது. அட்டையில் வாளும் கேடயமுமாக நிற்கிற ஆள் மட்டும் பழைய தலைப்பின் எச்சமாகத் தங்கிப்போனான். வியத்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலம். பெரும்பாலான பாடல்களை எழுதிய கீஸர் பட்லர், பூக்களைப் பற்றிய ஹிப்பிப் பாட்டு எழுதவில்லை. போரைத் திட்டமிடுகிறவன் ஒருவன், சாகிறவன் வேறொருவன், சாகிறவன் ஏழை என்று நேரடியாக எழுதினார். 'ஹாண்ட் ஆஃப் டூம்' போரிலிருந்து ஹெராயின் ஊசியோடு திரும்பும் சிப்பாயைப் பற்றியது. கோபம் இங்கே மேல்நோக்கிப் பாய்கிறது. முகவரி சரியாக இருக்கிறது.

ஆனால் கடிதம் போய்ச் சேரவில்லை என்பதுதான் என் விமர்சனம். 'வார் பிக்ஸ்' எப்படி முடிகிறது? தளபதிகளைத் தண்டிக்க மக்கள் வரவில்லை. தீர்ப்பு நாளில் கடவுள் வருகிறார், சாத்தான் சிரிக்கிறான். வர்க்கக் கோபத்தைச் சரியாக இனம்கண்ட பாட்டு, தீர்ப்பு எழுதும் வேலையை மட்டும் வேதாகமத்திடம் ஒப்படைத்துவிடுகிறது. தொழிற்சங்கமும் வேலைநிறுத்தமும் கண்ணெதிரே இருந்த நகரத்திலிருந்து வந்தவர்களுக்கு ஒரு கூட்டுச் செயல்பாட்டைக் கற்பனை செய்ய முடியாமல் போனது ஏன்? பிறகு வந்த எல்லாக் கோளாறுகளுக்கும் வித்து இங்கேயே இருக்கிறது.

4

பத்து ஆண்டு தள்ளி, அதே வட்டாரம். ஜூடாஸ் பிரீஸ்ட் குழுவின் 'பிரிட்டிஷ் ஸ்டீல்', 1980 ஏப்ரல். பாடகர் ராப் ஹால்ஃபர்டு இரும்பு வார்ப்பாலைகளின் புகைக்கு நடுவே வால்சாலில் வளர்ந்தவர். கிதார் கலைஞர் கிளென் டிப்டன் அரசுடைமையான பிரிட்டிஷ் ஸ்டீல் நிறுவனத்திலேயே வேலை பார்த்தவர். அருகேயிருந்த பில்ஸ்டன் இரும்பாலை 1979ல் மூடப்பட்டது. 1980 ஜனவரி 2ல் தொடங்கி ஏப்ரல் 3 வரை, தாட்சர் ஆட்சியில், இரும்பாலைத் தொழிலாளர்களின் நாடுதழுவிய வேலைநிறுத்தம் நடந்தது. அதே குளிர்காலத்தில்தான் இந்தத் தட்டைப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள்.

தட்டைப் போட்டுக் கேளுங்கள். இசை என்ற அளவில் எனக்கு மிகவும் பிடித்த தட்டு இது. கொழுப்பே இல்லாத எலும்பு. சமையலறைக் கரண்டித் தட்டைக் குலுக்கியும் பால் பாட்டிலை உடைத்தும் ஓசை சேர்த்திருக்கிறார்கள். தலைப்பில் இரும்பு இருக்கிறது. அட்டையில் சவர பிளேடாக இரும்பு இருக்கிறது. தொழிலாளியை மட்டும் காணோம். 'பிரேக்கிங் த லா' வேலையில்லாத ஒருவனின் விரக்தியைச் சொல்கிறது, சட்டத்தை மீறுவேன் என்கிறது; யார் போட்ட சட்டம் என்று கேட்பதில்லை. 'யுனைட்டட்' ஒற்றுமையைப் பாடுகிறது. யாரோடு யார் ஒற்றுமை, யாருக்கு எதிராக? கால்பந்து மைதானத்தில் பாடத் தோதான மொட்டை ஒற்றுமை. வேலைநிறுத்தம் தோற்காவிட்டாலும் அடுத்த சில ஆண்டுகளில் அந்தத் தொழிலில் ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தார்கள். இரும்பு, தொழிலாக இருந்தது போய் அடையாளச் சின்னமாகி விற்பனைக்கு வந்தது. முகவரி இங்கே அழிக்கப்பட்டுவிட்டது. கோபம் யாருக்கும் எழுதப்படாத கடிதம்.

ஒரு முரண்நகையையும் சொல்ல வேண்டும். மெட்டல் ஆண்மையின் சீருடையான தோலாடையும் ஆணிப்பட்டையும் ஹால்ஃபர்டு ஒருபாலுறவாளர்களின் தோலாடைக் கலாச்சாரத்திலிருந்து கொண்டுவந்தவை. அவர் தம்மை ஒருபாலுறவாளர் என்று வெளிப்படையாக அறிவித்தது 1998ல். அதுவரை ஒருபாலுறவாளர்களை வசைபாடிக்கொண்டிருந்த எத்தனையோ விடலைகள் அந்தச் சீருடையைத்தான் மாட்டிக்கொண்டு திரிந்தார்கள். பிரதி, தன்னைக் கொண்டாடுபவனையே கேலி செய்யும் இடம் இது.

5

1987 ஜூலை. கன்ஸ் அண்ட் ரோஸஸ் குழுவின் 'அப்பெடைட் ஃபார் டிஸ்ட்ரக்ஷன்'. உலகம் முழுக்க மூன்று கோடிப் பிரதிகள் விற்றதாகச் சொல்லப்படும் தட்டு. ரீகன் காலத்து லாஸ் ஏஞ்சலிஸின் தெருவை, போதையை, பசியை மினுக்காமல் காட்டியது என்பது உண்மை. அதே தட்டின் முதல் அட்டையில் ஒரு பெண் வன்புணர்ச்சிக்கு ஆளாகிக் கிடக்கும் ஓவியம் இருந்தது. கடைக்காரர்கள் வைக்க மறுத்ததால் மாற்றினார்கள். மறுத்தது கடைக்காரன், குழுவுக்கோ கம்பெனிக்கோ உறுத்தவில்லை.

உறுத்தாதது ஏன் என்று 1988ல் தெரிந்தது. அடுத்த தட்டில் ஆக்ஸல் ரோஸ் எழுதிய பாட்டு ஒன்றில் கறுப்பினத்தவர், குடியேறிகள், ஒருபாலுறவாளர் மூவர்மேலும் வசை. இண்டியானாவிலிருந்து பஸ் ஏறி நகரத்துக்கு வந்த ஏழை வெள்ளைப் பையனின் பயம் அது என்று விளக்கினார்கள். இருக்கட்டும். அந்தப் பையனை ஏழையாக்கியவன் யார்? பஸ் நிலையத்தில் நின்ற கறுப்பனா? குழுவின் கிதார் கலைஞர் ஸ்லாஷின் தாயாரே கறுப்பினத்தவர். கோபம் இங்கே கீழ்நோக்கித் திரும்பிவிட்டது. முகவரியை அழித்து வைத்தால் வேறு யாராவது வந்து தப்பான முகவரியை எழுதிவிடுவார்கள். பாசிசம் வேலை செய்கிற விதம் இதுதான்.

பதில் மேடையிலேயே கிடைத்தது. 1989 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலிஸில் ரோலிங் ஸ்டோன்ஸ் கச்சேரிக்கு முன்னால் வாசிக்க இரண்டு குழுக்கள்: ஒன்று கன்ஸ் அண்ட் ரோஸஸ், மற்றொன்று கறுப்பின ராக் குழுவான லிவிங் கலர். அதன் கிதார் கலைஞர் வெர்னன் ரீட், 1985ல் தொடங்கிய கறுப்பின ராக் கூட்டணியை நிறுவியவர்களில் ஒருவர். ராக் எங்கள் சொத்து, திருப்பிக் கொடு என்று கேட்ட அமைப்பு அது. அவர் மேடையில் நின்று அந்தப் பாட்டைப் பெயர் சொல்லிக் கண்டித்தார். வில்லி டிக்ஸனிடமிருந்து எடுத்ததற்கான பாக்கியை ஒருவர் வந்து கேட்டதுபோல் இருந்தது. 2018ல் பழைய பதிவுகளைப் பெட்டியாக வெளியிட்டபோது குழு அந்தப் பாட்டைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டது. மன்னிப்பா, வியாபாரமா? நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

6

கடைசியாக மெட்டாலிகா. 1982ல் ஒலிநாடாவை ரசிகர்கள் கைமாற்றிக் கைமாற்றிப் பிரதியெடுத்ததால் வளர்ந்த குழு. 1986ல் வானொலி ஆதரவு இல்லாமலே 'மாஸ்டர் ஆஃப் பப்பட்ஸ்' தட்டை வெற்றிபெறச் செய்தவர்கள். 1988ல் 'ஒன்' என்ற பாட்டுக்கு டால்டன் ட்ரம்போவின் போர் எதிர்ப்பு நாவலை எடுத்துக்கொண்டார்கள். ட்ரம்போ கம்யூனிஸ்டு என்பதற்காக ஹாலிவுட்டில் கறுப்புப்பட்டியலில் வைக்கப்பட்டவர். கைகால், கண், காது, வாய் எல்லாம் இழந்து உயிர் மட்டும் மிஞ்சிய சிப்பாயின் கதை. என்னை உலுக்கிய பாட்டு.

மூன்றே ஆண்டு. 1991 ஆகஸ்டில் வந்த 'மெட்டாலிகா' என்ற கறுப்பு அட்டைத் தட்டு அமெரிக்காவில் மட்டும் ஒன்றரைக் கோடிக்கு மேல் விற்றது. தயாரிப்பாளர் பாப் ராக் எல்லா முனைகளையும் மழுக்கிப் பளபளவென்று ஆக்கிவிட்டார். வளைகுடாப் போர் நடந்த மாதங்களில் பதிவான இந்தத் தட்டின் அட்டையில், இருட்டுக்குள் சுருண்டு கிடக்கிறது ஒரு பாம்பு. அமெரிக்கச் சுதந்திரப் போர்க்காலக் கொடியின் பாம்பு. 'டோன்ட் ட்ரெட் ஆன் மீ' பாட்டு அந்தக் கொடியின் வாசகத்தையே தலைப்பாக்கி, சமாதானத்துக்காகப் போருக்குத் தயாராகு என்கிற பழைய சரக்கை விற்கிறது. ட்ரம்போவின் சிப்பாய் எங்கே போனான்?

அதற்கு முன்பே இராணுவம் இந்த இசையைக் கண்டுகொண்டிருந்தது. 1989 டிசம்பரில் பனாமாவை ஆக்கிரமித்த அமெரிக்கப் படை, வத்திக்கான் தூதரகத்தில் ஒளிந்திருந்த நொரியேகாவை வெளியேற்ற ராக் பாட்டுகளை ஒலிபெருக்கியில் அலறவிட்டது. 'அப்பெடைட்' தட்டின் முதல் பாட்டும் அதில் உண்டு. 2003ல் ஈராக்கில் கைதிகளைப் பணியவைக்க மெட்டாலிகாவின் 'என்டர் சாண்ட்மேன்' பயன்பட்டதாகச் செய்திகள் வெளிவந்தன. போர்ப் பன்றிகளைத் திட்டிப் பிறந்த இசை, முப்பத்து மூன்று ஆண்டில் போர்ப் பன்றிகளின் ஆயுதக் கிடங்குக்குள் போய்விட்டது. இடையே 2000த்தில், நாப்ஸ்டர் வழியாகப் பாட்டைப் பகிர்ந்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட ரசிகர்களின் பட்டியலை இதே குழு ஒப்படைத்தது. நாடா கைமாற்றி வளர்த்தவர்களுக்குக் கிடைத்த கைம்மாறு!

7

2025 ஜூலை 5ல், ஆஸ்டனில், வில்லா பார்க் மைதானத்தில் பிளாக் சாபத்தின் நான்கு பேரும் கடைசியாகச் சேர்ந்து வாசித்தார்கள். மெட்டாலிகாவும் வந்திருந்தது. பார்க்கின்ஸன் நோய் முடக்கிய ஓஸி நாற்காலியில் உட்கார்ந்து பாடினார். சாபத் முதலில் எடுத்துக்கொண்டது 'வார் பிக்ஸ்'. கூட்டம் முழுக்க வரிக்கு வரி கூடவே பாடியது. பதினேழாம் நாள் ஓஸி இறந்துபோனார்.

அந்தக் காட்சியைப் பார்த்து நான் அழுதேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அழுகையோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. கோபம் தன்னளவில் இடதுசாரியும் அல்ல, வலதுசாரியும் அல்ல. கலை அதை மூட்டலாம். அது போய்ச் சேர வேண்டிய இடத்தைச் சொல்லாவிட்டால் அது வாடகைக்குக் கிடைக்கும் சரக்காகிவிடுகிறது. முதலில் கம்பெனி எடுக்கும், பிறகு இனவெறியன் எடுப்பான், கடைசியில் பட்டாளம் எடுக்கும். இந்த இசையை ஒதுக்கிய தோழர்களிடம் எனக்கிருக்கும் வருத்தம் இதுதான்: விரல் போன அந்தப் பதினேழு வயதுப் பையனிடம் பேச நமக்கு ஒன்றும் இல்லையென்றால், பேச வேறு ஆட்கள் வருவார்கள். வந்தார்கள்.