அகவிலைப்படி: குடும்ப வரவுசெலவு ஆய்வும் கலைச்சொல்லும்

விலையேற்றத்தை ஈடுசெய்ய அரசு ஊழியர்க்கு வழங்கப்படும் தொகை தமிழகத்தில் அகவிலைப்படி எனவும் பஞ்சப்படி எனவும் பெயர் பெறும். கொச்சி மாநகரின் வைட்டிலா போன்ற பகுதிகளில் வாழும் கேரள அரசு ஊழியர் இதனை க்ஷாமபத்த என்பர். அகவிலை என்பது தானிய விலையைக் குறிக்கும். பஞ்சமும் க்ஷாமமும் உணவுத் தட்டுப்பாட்டைச் சுட்டுவன. ஆங்கிலேயர் ஆட்சியில் தானிய விலை உயர்ந்தபோது குறைந்த ஊதியம் பெற்றோர்க்குத் தானிய ஈட்டுப்படி அளிக்கப்பட்டது. அவ்வரலாற்றின் சுவடு இச்சொற்களில் உள்ளது. ஆயின் இப்படியைக் கணிக்கும் அளவுகோல் எவர் குடும்பத்திலிருந்து பெறப்பட்டது என்பது தனியே ஆராயத்தக்கது.

1940இல் பி. என். ராவ் தலைமையிலான விசாரணை மன்றம் ரயில்வே ஊழியரின் பஞ்சப்படிக் கோரிக்கையை ஆராய்ந்தது. அதனைத் தொடர்ந்து 1943-46ஆம் ஆண்டுகளில் தொழில் நகரங்களில் தொழிலாளர் குடும்ப வரவுசெலவு ஆய்வுகள் நடைபெற்றன. 1958-59இல் இருவேறு ஆய்வுகள் நிகழ்ந்தன. ஒன்று 50 மையங்களில் ஆலை, சுரங்க, தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைப் பற்றியது. மற்றொன்று 45 நகரங்களில் நடுத்தர வகுப்புக் குடும்பங்களைப் பற்றியது. வருவாயில் பாதிக்குக் குறையாத பகுதியை உடலுழைப்பு சாராப் பணியால் ஈட்டும் குடும்பமே பின்னதில் இடம்பெற்றது. எழுத்தர், ஆசிரியர் முதலிய அரசு ஊழியர் இவ்வரையறைக்குள் அடங்குவர்.

எனினும் நடுவண் அரசு ஊழியரின் அகவிலைப்படி முன்னதாகிய தொழிலாளர் குறியீட்டெண்ணையே பின்பற்றி வருகிறது. நடுத்தர வகுப்பினர்க்குரிய குறியீட்டெண் 1984-85ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்டு 59 நகரங்களுக்குப் புதுப்பிக்கப்பட்டுப் பின்னர்க் கைவிடப்பட்டது. ஆகவே எழுத்தர் பெறும் படி, ஆலைத் தொழிலாளியின் செலவுப் பட்டியலைக் கொண்டே கணிக்கப்படுகிறது.

அப்பட்டியலும் காலந்தோறும் மாறியுள்ளது. அதில் உணவின் பங்கு 1960ஆம் ஆண்டு அடிப்படையில் ஏறத்தாழ 61 விழுக்காடு, 1982இல் 57, 2001இல் 46.20, 2016இல் 39.17. 2016ஆம் ஆண்டு அடிப்படையில் வீட்டுச் செலவின் பங்கு 16.87 விழுக்காடாகும். எர்ணாகுளம் இக்குறியீட்டெண்ணின் மையங்களுள் ஒன்று. வைட்டிலாவோ 1967இல் கொச்சி மாநகராட்சி அமையும்வரை ஊராட்சியாக இருந்தது. ஊர் நகரமாகும்போது வாடகைச் சுமை மாறுவதால் பழைய ஆய்வின் விகிதங்கள் பொருந்தாமற் போகின்றன. இடைவிட்டு ஆய்வுகள் மீண்டும் தேவைப்படுவதன் காரணம் இதுவே.

விலை எவ்வளவு ஏறியது என்பது ஒரு வினா. வாழ்வதற்கு எவ்வளவு வேண்டும் என்பது வேறொரு வினா. இரண்டாவது வினாவிற்கு 1957இல் கூடிய 15ஆம் இந்தியத் தொழிலாளர் மாநாடு விடை கூறியது. குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தின் இயக்குநராக விளங்கிய அய்க்ராய்டின் உணவுக் கணக்கு, நால்வர் குடும்பத்திற்கு ஆண்டுக்கு 72 கெஜம் துணி, வீட்டு வாடகை, எரிபொருள் முதலியன அதன் கூறுகள். இரண்டாம் ஊதியக் குழு இந்நெறியை ஏற்காது குறைந்த அளவு ஊதியத்தை 80 ரூபாயாக வரையறுத்தது. தேவை அடிப்படையிலான ஊதியத்தையும் பஞ்சப்படியையும் முன்னிறுத்தி 1960 சூலையில் நடுவண் அரசு ஊழியர் வேலைநிறுத்தம் செய்தனர். ஏழாம் ஊதியக் குழு 2015இல் 18,000 ரூபாயைப் பரிந்துரைத்தபோது 1957ஆம் ஆண்டு நெறியையே அடிப்படையாகக் கொண்டமை குறிப்பிடத்தக்கது.

மொழிபெயர்ப்பாளர் இவ்விரு வினாக்களையும் வேறுபடுத்தி உணர்தல் வேண்டும். தொடக்கத்தில் ‘வாழ்க்கைச் செலவுக் குறியீட்டெண்’ எனப்பட்டது 1950களில் ‘நுகர்வோர் விலைக் குறியீட்டெண்’ எனப் பெயர் மாற்றம் பெற்றது. குறித்த பண்டங்களின் விலை மாற்றத்தை மட்டுமே அது அளப்பதால் பின்னைய பெயரே பொருத்தமுடையது. இன்றைய ஆவணத்தில் பழைய பெயரை ஆளின், குடும்பத்தின் வாழ்க்கைத் தரமே அளக்கப்படுவதாகப் படிப்போர் மயங்குவர். அகவிலைப்படி என்னும் சொல் நிலைபெற்றுவிட்டமையின் அதனை மாற்ற வேண்டுவதில்லை. தானிய விலையைக் குறித்த சொல் இன்று வாடகை, மருத்துவம், கல்வி ஆகியவற்றின் விலையையும் உள்ளடக்குகிறது என்னும் பொருள் விரிவை அகராதிகள் பதிவு செய்தல் நலம்.