நன்கொடையும் குறியெதிர்ப்பையும்

தேர்தல் நிதியை 'நன்கொடை' என்று அழைக்க நாம் பழகி நெடுங்காலம் ஆகிவிட்டது. வறியவர்க்குக் கொடுப்பதை மட்டுமே ஈகையாக ஏற்கும் வள்ளுவர், ஏனைய கொடுக்கல்களைக் 'குறியெதிர்ப்பை' என ஒதுக்குகிறார். அளந்து கொடுத்து அதே அளவில் திரும்பப் பெறுவதற்கு அப்பெயர். அரசியலுக்கு வணிகர் தந்த பணம் இவ்விரண்டில் எவ்வகையைச் சாரும்?

காலனிய ஆட்சியில் வணிகரின் செல்வாக்கு வெளிப்படையாகவே இருந்தது. 1935ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த சென்னை மாகாணச் சட்டப்பேரவையின் 215 இடங்களில் 6 இடங்கள் வணிகத்துக்கும் தொழிலுக்கும் உரியவை. ஐரோப்பிய வணிகர் சங்கங்களைப் போலவே நாட்டுக்கோட்டை நகரத்தார் சங்கத்துக்கும் ஓர் இடம் இருந்தது. இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்தின் இராயவரம், கடியாபட்டி முதலிய ஊர்களிலும் பரவிய சமூகம் அது. ஒன்பது கோயில்களுக்கிடையே அமைந்த மணவுறவும், வட்டித் தொழிலில் ஒருவர்மீது ஒருவர் கொண்ட நம்பிக்கையும் அவர்களை ஒரே வலையாகப் பிணைத்திருந்தன. 1907இல் இந்தியன் வங்கி தோன்றியபோது அவ்வலையின் முதலீடும் அதில் இருந்தது. செட்டிநாட்டு அரச குடும்பத்தின் முத்தையா செட்டியார் 1930களில் நீதிக்கட்சி அமைச்சரவையில் இடம்பெற்றார். யார் யாருக்காகப் பேசுகிறார் என்பது எவருக்கும் தெரிந்திருந்தது.

1937 தேர்தலில் அக்கட்சியைத் தோற்கடிக்க உழைத்த காங்கிரஸ் தலைவர்களுள் முதன்மையானவர், புதுக்கோட்டைச் சமஸ்தானத்துத் திருமயத்தில் பிறந்த தீரர் சத்தியமூர்த்தி. காங்கிரஸ் 159 இடங்களைப் பெற்றது. ஜமீன்தார்களும் பெருவணிகரும் துணைநின்ற கட்சி வீழ்ந்தது. எனினும் காங்கிரஸுக்கும் பிர்லா போன்ற பெருந்தொழிலதிபர்களின் ஆதரவு இருந்ததை மறக்கலாகாது.

விடுதலைக்குப்பின் வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை வந்தது; வணிகருக்கான தனி இடங்கள் ஒழிந்தன. செல்வாக்கு ஒழியவில்லை, கம்பெனிகளின் கணக்கேட்டுக்குள் குடிபுகுந்தது. அன்று ஒரே குடும்பம் பல கம்பெனிகளை நிர்வகித்தது. ஒருவரே பல இயக்குநர் குழுக்களில் அமர்ந்தார். ஆகவே பல கம்பெனிகளின் நன்கொடை எனத் தோன்றியது, ஒரே மேசையில் எடுத்த முடிவாகவும் இருக்கக்கூடும்.

கட்சிகளுக்கு நிதி வழங்கத் தன் அமைப்பு விதிகளைத் திருத்திக்கொள்ள டாட்டா இரும்பு எஃகு நிறுவனம் அனுமதி கோரிய வழக்கில், 1957இல் பம்பாய் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா அனுமதி அளித்தார். அளிக்கும்போதே, இப்போக்கு மக்களாட்சிக்குப் பேராபத்தாகும் என்றும் எச்சரித்தார். 1960இல் நன்கொடைக்கு வரம்பு விதிக்கப்பட்டது. 1964இல் கே. சந்தானம் குழு முழுத் தடையைப் பரிந்துரைத்தது. 1969இல் தடை வந்தது. ஆனால் தேர்தல் செலவு குறையவில்லை. அதை ஈடுசெய்ய அரசு நிதியும் தரப்படவில்லை. விளைவாக, பணம் கணக்கேட்டிலிருந்து பெட்டிகளுக்கு மாறியது. 1985இல் தடை தளர்ந்தது. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டம் சராசரி நிகர லாபத்தில் 7.5 விழுக்காட்டை வரம்பாக்கியது. 2017இல் அவ்வரம்பும், பணம் பெற்ற கட்சியின் பெயரைக் கணக்கில் காட்டும் கடமையும் நீக்கப்பட்டன. 2018இல் தேர்தல் பத்திரங்கள் வந்தன.

2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அத்திட்டம் செல்லாது என ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதன்பின் வெளியான பட்டியலில் முதலிடம் பெற்றது, கோவையைத் தலைமையிடமாகக் கொண்ட லாட்டரி நிறுவனமான ஃபியூச்சர் கேமிங். அது வாங்கிய பத்திரங்களின் மதிப்பு 1,368 கோடி ரூபாய். அதில் பெரும்பங்கு திரிணாமூல் காங்கிரஸுக்கும் தி.மு.க.வுக்கும் சென்றது. தமிழகத்தில் லாட்டரி 2003லேயே தடைசெய்யப்பட்டது என்பதை இங்கு நினைவுகூரலாம். கட்சிகளுள் மிக அதிகமாக, 6,000 கோடிக்கு மேல் பெற்றது பாரதிய ஜனதா. பத்திரங்களை ஏற்க மறுத்த மார்க்சிஸ்ட் கட்சி, வழக்குத் தொடுத்தவர்களுள் ஒன்றாக இருந்தது.

ஒவ்வொரு கொடைக்கும் பின்னே ஒரு கைம்மாறு நிகழ்ந்தது என எவரும் சாதிக்க இயலாது. ஆனால் கொடுத்தவர் பெயரும் பெற்றவர் பெயரும் அருகருகே வைக்கப்படாவிட்டால், அது ஈகையா குறியெதிர்ப்பையா என்று ஆராயும் வாய்ப்பே வாக்காளருக்கு இல்லாமற் போகிறது. 1937இல் நகரத்தார் சங்கத்துக்குக் கிடைத்த தனி இடம் சமத்துவத்துக்கு முரணானது. அது ஒழிந்தது நன்றே. ஆயினும் அந்த இடத்தில் அமர்ந்தவர் எவருடைய பிரதிநிதி என்பது பேரவை ஏட்டிலேயே எழுதப்பட்டிருந்தது. அவ்வளவு தெளிவைக்கூடத் தேர்தல் பத்திரம் நமக்குத் தரவில்லை.