வேலைநிறுத்தத்தைத் தடுக்க அடிப்படை உரிமையை ஒதுக்கிவைக்கும் சட்டம்: கனடாவின் 33-ஆவது பிரிவு சொல்வது என்ன?

அரசியலமைப்பு வழங்கும் உரிமைக்கு முரணாக இருந்தாலும் ஒரு சட்டம் செல்லும் என்று அந்தச் சட்டத்திலேயே அறிவிக்கும் அதிகாரம் கனடாவின் நாடாளுமன்றத்துக்கும் மாகாண சட்டப்பேரவைகளுக்கும் உண்டு. ‘நாட்வித்ஸ்டாண்டிங் கிளாஸ்’ என்று அறியப்படும் இந்த 33-ஆவது பிரிவு, 2022-இல் ஒன்டாரியோவிலும் 2025-இல் ஆல்பர்ட்டாவிலும் பள்ளித் துறை ஊழியர்களின் வேலைநிறுத்தத்துக்கு எதிராகப் பயன்படுத்தப்பட்டது.

பிரிவு உருவான பின்னணி

கனடாவின் உரிமைகள் மற்றும் சுதந்திரங்கள் சாசனம் 1982-இல் நடைமுறைக்கு வந்தது. மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட அவைகளின் முடிவுகளை நீதிபதிகள் ரத்து செய்யும் நிலை வரக்கூடும் என மாகாண முதல்வர்கள் சிலர் அஞ்சினர். அவர்களின் சம்மதத்தைப் பெறுவதற்காக, பிரதமர் பியர் ட்ரூடோ 1981 நவம்பரில் ஏற்ற சமரசத்தின் விளைவே இப்பிரிவு.

இந்த அதிகாரத்துக்கு வரம்புகள் உள்ளன. சாசனத்தின் 2-ஆவது பிரிவையும், 7 முதல் 15 வரையிலான பிரிவுகளையும் மட்டுமே இதன் மூலம் ஒதுக்கிவைக்க முடியும். வாக்குரிமையைத் தொட முடியாது. அறிவிப்பு ஐந்து ஆண்டுகளில் தானாகக் காலாவதியாகும். தேவையெனில் மீண்டும் நிறைவேற்றலாம். இடையில் ஒரு தேர்தல் வந்து, மக்கள் தீர்ப்பளிக்க வாய்ப்புக் கிடைக்கும் என்பதே இக்கால வரம்பின் நோக்கம்.

தொழிலாளர் விவகாரத்தில் நுழைந்தது எப்படி?

1986-இல் சஸ்காட்செவன் அரசு, அரசு ஊழியர்களைப் பணிக்குத் திரும்பச் செய்யும் சட்டத்தில் இப்பிரிவைச் சேர்த்தது. ஆனால் வேலைநிறுத்தம் சாசன உரிமை அல்ல என்று கனடா உச்ச நீதிமன்றம் 1987-இல் தீர்ப்பளித்ததால், அந்தப் பாதுகாப்பு தேவையற்றதாயிற்று.

2015-இல் நிலைமை தலைகீழானது. சஸ்காட்செவன் தொழிலாளர் கூட்டமைப்பு தொடர்ந்த வழக்கில், சங்கம் சேரும் சுதந்திரம் வேலைநிறுத்த உரிமையையும் பாதுகாக்கிறது என அதே நீதிமன்றம் அறிவித்தது. அதன் பின்னர், வேலைநிறுத்தத்தைத் தடுக்கும் சட்டங்களை நீதிமன்றம் ரத்து செய்யும் வாய்ப்பு அதிகரித்தது. அந்த வாய்ப்பை அடைப்பதற்கான வழியாக 33-ஆவது பிரிவு மீண்டும் கவனம் பெற்றது.

ஒன்டாரியோ, 2022

ஒன்டாரியோவில் கல்வி உதவியாளர்கள், துப்புரவுப் பணியாளர்கள், பள்ளி அலுவலக ஊழியர்கள் உள்ளிட்ட சுமார் 55,000 பேர் ஊதிய உயர்வு கோரினர். முதல்வர் டக் ஃபோர்டின் அரசு கொண்டுவந்த 28-ஆவது மசோதா, வேலைநிறுத்தம் தொடங்குவதற்கு முந்தைய நாளான நவம்பர் 3-ஆம் தேதி நிறைவேறியது. நான்கு ஆண்டு ஒப்பந்தம் திணிக்கப்பட்டது. மீறும் ஊழியருக்கு நாளொன்றுக்கு 4,000 டாலர் வரையிலும், சங்கத்துக்கு 5 லட்சம் டாலர் வரையிலும் அபராதம் விதிக்க வகை செய்யப்பட்டது.

ஆனாலும் மறுநாள் ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஃபோர்டைத் தேர்தலில் ஆதரித்த சில தனியார் துறைச் சங்கங்களும் சட்டத்தை எதிர்த்தன. சட்டத்தைத் திரும்பப் பெறுவதாக நவம்பர் 7-இல் ஃபோர்டு அறிவித்தார். ஊழியர்கள் பணிக்குத் திரும்பினர். ஒரு வாரத்தில் சட்டம் ரத்தானது. ஆண்டுதோறும் ஒரு மணி நேர ஊதியத்தில் ஒரு டாலர் உயர்வு தரும் ஒப்பந்தத்தை, வாக்களித்த ஊழியர்களில் 73 சதவீதத்தினர் டிசம்பரில் ஏற்றனர்.

ஆல்பர்ட்டா, 2025

ஆல்பர்ட்டாவில் சுமார் 51,000 ஆசிரியர்கள் 2025 அக்டோபர் 6-இல் வேலைநிறுத்தம் தொடங்கினர். முதல்வர் டேனியல் ஸ்மித்தின் அரசு கொண்டுவந்த சட்டம் அக்டோபர் 28 அதிகாலையில் நிறைவேறியது. நான்கு ஆண்டுகளில் 12 சதவீத ஊதிய உயர்வு தரும், ஆசிரியர்கள் ஏற்கெனவே நிராகரித்த ஒப்பந்தமே அவர்கள் மீது சுமத்தப்பட்டது. ஒன்டாரியோவைப் போலன்றி, இங்கு ஆசிரியர்கள் சட்டத்துக்கு உட்பட்டுப் பள்ளிகளுக்குத் திரும்பினர். ஆசிரியர் சங்கம் நீதிமன்றத்தை அணுகியது.

இந்தியாவில் என்ன நிலை?

இந்தியாவில் இத்தகைய விலக்குப் பிரிவுக்கு அவசியமே எழவில்லை. சங்கம் அமைக்கும் உரிமையில் வேலைநிறுத்த உரிமை அடங்காது என்று உச்ச நீதிமன்றம் 1961-இல் கூறியது. தமிழக அரசு ஊழியர்கள் சுமார் 1.70 லட்சம் பேர் பணிநீக்கம் செய்யப்பட்ட 2003-ஆம் ஆண்டு வழக்கிலும், வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியர்களுக்கு அடிப்படை உரிமை இல்லை என்று அதே நிலைப்பாடு உறுதி செய்யப்பட்டது.

கனடாவில் உரிமை இருக்கிறது. அதை ஒதுக்கிவைக்கும் அதிகாரமும் இருக்கிறது. மாணவர்களின் கல்வி தடைபடாமல் காக்கவே சட்டம் என்று அரசுகள் கூறுகின்றன. பேரம் பேசும் மேசையில் ஒரு தரப்பே முடிவையும் எழுதிவிட்டால் பேச்சுவார்த்தைக்குப் பொருளில்லை என்று சங்கங்கள் வாதிடுகின்றன. ஒன்டாரியோவில் அச்சட்டத்தை வீழ்த்தியது நீதிமன்றத் தீர்ப்பு அல்ல, அரசியல் எதிர்ப்பே. 33-ஆவது பிரிவு பயன்படுத்தப்படும்போது உரிமையின் காவல் பெருமளவு நீதிமன்றத்திடமிருந்து வாக்காளர்களின் கைக்கு மாறுகிறது என்பதையே இது உணர்த்துகிறது.