நோய்க்குப் பின் வலு: பண்டை விதியும் அறச்சாலையும்

நோய் நீங்குதல் வேறு. நோயுற்றவன் இழந்த வலுவை மீளப் பெறுதல் வேறு. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட காலத்தைத் தனியொரு கட்டமாகக் கொண்டு அதற்கென விதிகள் வகுத்தமை ஆயுள்வேதத்தின் சிறப்புகளுள் ஒன்றாகும். எனினும், விதி ஏட்டில் இருப்பதனால் மட்டும் நோயாளி தேறிவிடுவதில்லை. அவ்விதி கோரும் உணவும் ஓய்வும் அவனுக்கு எவ்வாறு கிடைத்தன என்பதே வரலாற்று மாணவன் எழுப்பவேண்டிய வினாவாகும்.

வாந்தி, பேதி முதலிய சுத்திகளால் தளர்ந்தவனுக்குச் சரக சங்கிதை படிமுறையான உணவை விதிக்கின்றது. முதலில் நீர்த்த கஞ்சி. பின்னர் தடித்த கஞ்சி. அதன்பின் பயற்றுச் சாறு. இறுதியில் இறைச்சிச் சாறு. சுத்தியின் வன்மைக்கேற்ப ஒவ்வொரு படியும் மூன்று வேளையோ, இரண்டு வேளையோ, ஒரு வேளையோ தொடரும். சிறு நெருப்பைப் புல்லும் வறட்டியும் இட்டு மெல்ல வளர்ப்பது போலவே குன்றிய பசித்தீயையும் வளர்த்தல் வேண்டும் என்பது அந்நூல் காட்டும் காரணம். சுரம் தணிந்தவன் வலுப்பெறும் வரை உடற்பயிற்சி, நீராடல், அலைந்து திரிதல் ஆகியவற்றைத் தவிர்த்தல் வேண்டும். தவிர்க்காவிடின் சுரம் மீளும் எனவும் அது எச்சரிக்கின்றது.

செல்வருக்கு இவ்விதிகள் எளியவை. அன்றாடம் உழைத்து உண்பவனுக்கோ ஓய்வு என்பது பட்டினியே. ஆகவே, மருந்தோடு உணவையும் பொறுப்பேற்ற அறச்சாலைகள் தனிக்கவனத்திற்குரியன.

சோழநாட்டை ஆண்ட வீரராசேந்திரன் (1063–1070) காலத்துத் திருமுக்கூடற் கல்வெட்டு, பதினைந்து படுக்கைகளைக் கொண்ட ஆதுலர் சாலையொன்றைக் குறிப்பிடுகின்றது. மருத்துவர், சத்திர வைத்தியர், பணிப்பெண்டிர் ஆகியோருக்கான ஊதியத்துடனும் மருந்துகளுடனும் நோயாளருக்குரிய அரிசியும் அங்கு அறக்கட்டளையிற் சேர்க்கப்பட்டிருந்தது. ஈழத்திலே பொலனறுவையை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) அமைத்த பெரும் மருத்துவசாலையைச் சூளவம்சம் விவரிக்கின்றது. நோயாளர்க்கு மருந்தும் உணவும் ஆக்கியளிக்க ஏவலாளர் இருந்தனர். தானியக் களஞ்சியங்களும் இருந்தன. குணமடைந்தோருக்கு மன்னன் ஆடை வழங்கினான் என அந்நூல் கூறும்.

இச்சான்றுகளை ஆராயாது ஏற்றலும் பொருந்தாது. திருமுக்கூடற் சாலை கோயிலைச் சார்ந்த மாணவர்க்கும் பணியாளர்க்கும் உரியது. ஊரார் அனைவர்க்கும் உரியதன்று. சூளவம்சமோ மன்னனின் புகழ் பாடும் நூல். அவன் அளித்த ஏவலாளரும் அடிமைகளே. அவர்கள் நோயுற்றபோது கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவர் யாரென அந்நூல் கூறவில்லை.

ஆயினும் ஓருண்மை தெளிவாகின்றது. அரிசியும் மருந்தும் ஒரே அறக்கட்டளையில் இடம்பெற்றமை, உணவும் சிகிச்சையின் பகுதியே என்னும் கொள்கை நிருவாகத்திலும் ஏற்கப்பட்டிருந்ததைக் காட்டுகின்றது. நோயாளி தேறுவதற்கு வேண்டிய அறிவை மருத்துவ நூல் தந்தது; அவ்வறிவு எவரெவருக்குப் பயன்படும் என்பதைச் சமுதாய அமைப்பே தீர்மானித்தது.