கட்டளைவரி ஆர்க்யுமென்ட்டுகள் (பைத்தான்)

பைத்தான் நிரலை முனையத்தில் இயக்கும்போது அதன் பெயரை அடுத்துத் தட்டச்சிடும் சொற்கள் கட்டளைவரி ஆர்க்யுமென்ட்டுகள் எனப்படும். சிஸ் தொகுதியிலுள்ள ஆர்க்வி என்ற பட்டியலில் அவை வந்து சேரும்; பெயர் சி மொழியின் கொடை. பட்டியலின் 0ஆம் இடத்தில் நிரலின் பெயர் நிற்கும், பயனர் தந்தவை 1இலிருந்து தொடங்கும். எல்லாமே எழுத்துச் சரங்களாகவே வருகின்றன என்பதில்தான் ஆபத்து இருக்கிறது. 5, 7 என்று கொடுத்து அப்படியே கூட்டினால் 12 வராது, 57 வரும். பிழைச் செய்தி எதுவும் எழாது. சத்தமின்றித் தவறான விடை தரும் நிரலைவிட, பாதியில் நின்றுபோகும் நிரல் எவ்வளவோ மேல். ஆகவே உள்ளீட்டைப் படிக்கும் இடத்திலேயே அதைச் சரிபார்த்துவிடவும் வேண்டும். 2010இல் வெளியான பைத்தான் 2.7 முதல் செந்தர நூலகத்தில் உள்ள ஆர்க்பார்ஸ் என்ற தொகுதி இதைச் செய்கிறது: முழு எண் வேண்டுமென்று அறிவித்தால் அதுவே மாற்றித் தரும், மாற்ற முடியாவிட்டால் காரணம் சொல்லி 2 என்ற வெளியேறு குறியீட்டுடன் நிறுத்தும், உதவிப் பக்கத்தையும் தானே எழுதிக்கொள்ளும்.

பத்து வரி நிரலுக்கு இவ்வளவு எதற்கு என்று கேட்கலாம். ஒரே ஒரு கோப்புப் பெயரை வாங்கும் நிரலுக்கு ஆர்க்வி போதும் என்பது உண்மைதான். ஆனால் இரண்டாவது ஆர்க்யுமென்ட் வந்தவுடன் வரிசை மாறும் வாய்ப்பும் வந்துவிடுகிறது. ஆர்க்பார்ஸும் குறையற்றதல்ல; வகையை பூல் (மெய்/பொய்) என்று குறித்தால், பயனர் 'ஃபால்ஸ்' என்று எழுதினாலும் வெற்றல்லாத சரம் என்பதால் அது மெய்யாகவே கொள்ளப்படும். மெய்-பொய் தேர்வுகளுக்கு ஸ்டோர்-ட்ரூ என்ற செயலைப் பயன்படுத்த வேண்டும்.