பனிக்கட்டியோடு பயணம் செய்தவர்

நொச்சிக்குப்பத்தில் மீன் பெட்டிகளில் ஐஸ் கொட்டி நிரப்புவதை நாள்தோறும் காணலாம். அங்கிருந்து வடக்கே, கலங்கரை விளக்கத்தைக் கடந்து மெரினாவில் நடந்தால், வளைந்த முகப்புடைய பழைய கட்டடம் ஒன்று தென்படும். இன்று அது விவேகானந்தர் இல்லம். ஆனால் அந்தப் பகுதிக்கு இன்றும் 'ஐஸ் ஹவுஸ்' என்றே பெயர். அமெரிக்காவிலிருந்து பாய்க்கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் எழுந்த கட்டடம் அது.

நிலநடுக்கோட்டை இருமுறை தாண்டிப் பனிக்கட்டி எப்படி வந்தது? இதற்கு விடை தேடினால், 'சூப்பர்கார்கோ' என்ற சரக்குப் பொறுப்பாளரைச் சந்திக்கிறோம்.

ஒரு கப்பல், இரு பொறுப்புகள்

கப்பலைச் செலுத்துவது கப்பல் தலைவரின் வேலை. சரக்கை ஏற்றி அடுக்குவதைப் பார்ப்பது, கணக்கு எழுதுவது, சேருமிடத்தில் விற்பது, அந்தப் பணத்தில் திரும்பும் பயணத்துக்குச் சரக்கு வாங்குவது ஆகியவை பொறுப்பாளரின் வேலை. முகலாயர் காலக் கப்பல்களில் கணக்கு எழுதியவரை 'கராணி' என்று அயினி அக்பரி குறிப்பிடுகிறது. மலேசியத் தமிழர் எழுத்தரைக் 'கிராணி' என்பது அச்சொல்லின் எச்சமே.

தந்தி இல்லாத காலம் அது. பாஸ்டனிலிருந்து வங்காளத்துக்குக் கடிதம் வர நான்கு மாதம். பதில் போக மேலும் நான்கு மாதம். விலை சரிந்தால் முதலாளியை எப்படிக் கேட்பது? பொறுப்பாளரே முடிவு செய்ய வேண்டும். ஆகவே பல வணிகர்கள் உறவினரையோ கூட்டாளியையோ அனுப்பினார்கள்.

உருகும் சரக்கு

பாஸ்டன் வணிகர் பிரெடரிக் டியூடர் 1806இல் மார்ட்டினிக் தீவுக்குப் பனிக்கட்டியுடன் தாமே சென்றார். சரக்கு போய்ச் சேர்ந்தது. ஆனால் அங்கே சேமிப்புக் கிடங்கு இல்லை. பனிக்கட்டி உருகிப் பெரும் நட்டம். கொண்டு சேர்ப்பது பாதி வேலைதான் என்பதை அவர் அன்று கற்றார்.

1833 மே மாதம் 'டஸ்கனி' என்ற கப்பல் 180 டன் பனிக்கட்டியுடன் கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. சரக்கைக் கவனிக்க உடன் வந்தவர் டியூடரின் கூட்டாளி ரோஜர்ஸ். செப்டம்பரில் சேர்ந்தபோது சுமார் 100 டன் மிஞ்சியிருந்தது.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒரு கிராம் பனிக்கட்டி உருக 80 கலோரி உள்ளுறை வெப்பம் தேவை. 80 டன் உருகச் சுமார் 640 கோடி கலோரி. ஏறத்தாழ ஒரு டன் நிலக்கரி எரிந்தால் வரும் வெப்பம் இது! நான்கு மாத வெயிலிலும் கடல் வெப்பத்திலும் உள்ளே புகுந்தது அவ்வளவே. காரணம் என்ன? வெப்பம் கடத்தாப் பொருள்களால் கப்பலறையைச் சூழ்ந்திருந்தார்கள். கட்டிகளை இடைவெளியின்றி நெருக்கி அடுக்கியிருந்தார்கள். பருமனுக்கு ஏற்பப் புறப்பரப்பு குறைந்தால் உருகுவதும் குறையும் அல்லவா?

கல்கத்தாவில் சுங்க அதிகாரிகள் பனிக்கட்டிக்குத் தீர்வை வாங்கவில்லை. இரவிலேயே இறக்கவும் இசைந்தார்கள். கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் பிரபு ரோஜர்ஸுக்குக் கிண்ணம் ஒன்றைப் பரிசளித்தார்.

சென்னைக் கரையில்

சென்னையில் சிக்கல் வேறு. 1842இல் இங்கே துறைமுகம் இல்லை. கப்பல் தொலைவில் நங்கூரமிடும். கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய மசூலாப் படகுகள்தாம் அலைகளைக் கடந்து சரக்கைக் கரை சேர்த்தன. ஆணி அடிக்காத படகு அலை மோதினால் வளைந்து கொடுக்கும், உடையாது. கடலோடிகளின் கைத்திறன் இல்லையேல், பொறுப்பாளரின் நான்கு மாதக் கவனமும் கரையருகே கரைந்து போயிருக்கும். கிடங்கு கடலோரத்தில் அமைந்ததன் பொருத்தம் இப்போது விளங்கும்.

1870இல் கடலடித் தந்தி இந்தியாவை எட்டியது. முதலாளியே நேரடியாக ஆணையிடலானார். இயந்திரங்கள் இங்கேயே பனிக்கட்டி செய்தன. அமெரிக்கப் பனிக்கட்டி வணிகம் மறைந்தது. சூப்பர்கார்கோ என்ற பெயர் மட்டும், சரக்கு ஏற்றி இறக்குவதை மேற்பார்க்கும் பணிக்கு இன்றும் கப்பல் துறையில் வழங்குகிறது.

அடுத்த முறை ஐஸ் ஹவுஸைக் கடக்கும்போது, கேட்க ஆளில்லாத நடுக்கடலில், கரைந்துகொண்டே இருக்கும் பிறர் பொருளுக்குக் கணக்கு எழுதியவரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.