கார்டு நிரந்தரம், காப்பீடு?

சென்னையில் மெடிக்கல் பில்லிங் கம்பெனியில் வேலை பார்த்த ஒருத்தராவது உங்கள் நண்பர்களில் இருப்பார். அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தன். சாயங்காலம் கேப் வரும், விடியக்காலையில் வீடு. அமெரிக்க கிளினிக்குகளின் பில்களை இன்சூரன்ஸுக்கு அனுப்பி, பணத்தை வாங்கித் தருவதுதான் தொழில். நான் இருந்தது எலிஜிபிலிட்டி வெரிஃபிகேஷன் டீம். வைத்தியம் பார்த்த தேதியில் அந்த நோயாளிக்குக் காப்பீடு உண்டா, இல்லையா? அதைப் பார்த்துச் சொல்லணும், அவ்வளவுதான்.

2023 ஜூன் மாசம். வீசிங்கோடு வந்த ஒரு ஏழு வயசுக் குழந்தையின் ஃபைல் என்னிடம் வந்தது. மெடிக்கெய்ட் கார்டின் ஸ்கேன் காப்பி, முன்பக்கம் பின்பக்கம், பளிச்சென்று இருந்தது. ரெண்டு மாசம் முன்னாடி வந்தபோதும் அதே கார்டுதான். நான் போர்ட்டலைத் திறக்காமலே 'ஆக்டிவ்' என்று போட்டுவிட்டேன். அடுத்த மாசம் க்ளெய்ம் திரும்பி வந்தது. டினையல் கோட் சிஓ-27. காப்பீடு முடிந்த பிறகு நடந்த செலவு என்று அர்த்தம்.

டீம் லீட் கூப்பிட்டாங்க. "கார்டு இருக்கே அக்கா" என்றேன்.

"கார்டு எப்பவும்தான்டா இருக்கும். போர்ட்டலைப் பாத்தியா?"

திட்டு வாங்கினது பெரிசில்லை. கிளினிக்கிலிருந்து அந்த அம்மாவுக்கு நூற்றுச் சொச்சம் டாலருக்கு ஒரு பில் போயிருந்தது. அவங்களும் என்னை மாதிரியே கார்டை நம்பித்தான் வந்திருப்பாங்க. கையில் கார்டு இருக்கு, காப்பீடு இல்லை. இது எப்படி சாத்தியமாச்சு? இன்றைய எபிசோட் அதன் வரலாறுதான்.

ரெண்டு திட்டம், ரெண்டு கார்டு

1965 ஜூலை 30. அதிபர் லிண்டன் ஜான்சன் மிசௌரி மாநிலத்தில் இண்டிபென்டன்ஸ் என்ற ஊருக்குப் போய், முன்னாள் அதிபர் ட்ரூமன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அதில் ரெண்டு திட்டங்கள். 65 வயசு தாண்டியவர்களுக்கு மெடிகேர். வருமானம் குறைந்தவர்களுக்கு மெடிக்கெய்ட். முதல் மெடிகேர் கார்டு ட்ரூமனுக்கே கிடைத்தது.

மெடிகேர் கார்டை ஒரு தடவை கொடுத்தால் போதும். 65 ஆனவர் மறுபடியும் 64 ஆகப் போவதில்லை. மெடிக்கெய்ட் அப்படி இல்லை. அது வருமானத்தைப் பார்க்கிற திட்டம். இந்த மாசம் ஓவர்டைம் கிடைத்தால் தகுதி போகலாம், அடுத்த மாசம் வேலை போனால் தகுதி திரும்ப வரலாம். மத்திய அரசும் மாநிலங்களும் சேர்ந்து செலவு செய்கிற திட்டம் என்பதால், விதிகளும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. எல்லா மாநிலமும் உடனே சேரவும் இல்லை. கடைசியாக அரிசோனா சேர்ந்தது 1982-ல்.

தகுதி மாறிக்கொண்டே இருந்தால் அட்டை எப்படிக் கொடுப்பது? பல மாநிலங்கள் எடுத்த முடிவு: மாசா மாசம் தபாலில் ஒரு காகித அட்டை. அந்த மாசம் முடிந்தால் அட்டையும் முடிந்தது. கலிஃபோர்னியாவில் இந்தத் திட்டத்துக்குப் பேர் மெடி-கேல். அங்கே அட்டையோடு ஸ்டிக்கர்களும் வரும். டாக்டர் ஒரு ஸ்டிக்கரை உரித்து பில்லில் ஒட்டி அனுப்புவார். அந்த ஸ்டிக்கர்தான் ஆதாரம்.

இதில் தொல்லைகள் ஏகப்பட்டது. லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு ஒவ்வொரு மாசமும் அச்சடித்து, கவரில் போட்டு, ஸ்டாம்ப் ஒட்டணும். வீடு மாறினால் அட்டை பழைய முகவரிக்குப் போகும். வீடே இல்லாதவருக்கு எங்கே அனுப்புவது? இன்னொன்றும் உண்டு. வெயிட்டிங் ரூமில் அந்தக் காகிதத்தை எடுத்து நீட்டும்போது, இவங்க அரசாங்க உதவியில் இருக்காங்க என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

ஆனால் அந்தக் காகிதத்துக்கு ஒரு நல்ல குணம் இருந்தது. அதை அப்போது யாரும் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை. அதுக்கு அப்புறம் வருகிறேன்.

பிளாஸ்டிக் வந்த கதை

1972-ல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு முடிவு எடுத்தது. மெடிக்கெய்ட் கணக்கைப் பார்க்க மாநிலங்கள் கம்ப்யூட்டர் சிஸ்டம் கட்டினால், கட்டுகிற செலவில் 90 சதவீதம், நடத்துகிற செலவில் 75 சதவீதம் மத்திய அரசு தரும். இப்படி ஒரு ஆஃபரை யார் விடுவாங்க? யாருக்குத் தகுதி இருக்கு, யாருக்கு இல்லை என்ற விவரம் மெல்ல மெல்ல கம்ப்யூட்டருக்குள் போனது.

90-களில் கடைக்குக் கடை கார்டு தேய்க்கும் மெஷின் வந்துவிட்டது. ஏழைகளுக்கான உணவுக் கூப்பனையும் பிளாஸ்டிக்காக மாற்ற ஆரம்பித்தாங்க. 1993-ல் மேரிலாண்ட் மாநிலம் முழுக்க அதைச் செய்து முடித்தது. 1996 சட்டம் எல்லா மாநிலங்களும் மாறியே ஆகணும் என்றது. மருத்துவ அட்டைக்கும் அதே யோசனை. டாக்டர் ஆபீஸில் கார்டைத் தேய், இல்லையென்றால் போனில் நம்பரைத் தட்டு. அந்த நொடியின் நிலவரம் வரும். அப்புறம் எதுக்கு மாசா மாசம் காகிதம்?

கலிஃபோர்னியா அந்தப் பத்தாண்டிலேயே மாறிவிட்டது. டெக்சாஸ் மாசாந்திரக் காகிதத்தை நிறுத்திவிட்டு பிளாஸ்டிக் கொடுத்தது 2011-ல். ஒவ்வொரு மாநிலமும் மாறினபோது மக்களுக்குச் சொன்னது கிட்டத்தட்ட ஒன்றுதான்: இது நிரந்தர கார்டு, பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அதில் பொய் இல்லை. தபால் செலவு மிச்சம். பர்ஸில் வைத்தால் பேங்க் கார்டு மாதிரி இருக்கும், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க. தகுதி போய் திரும்ப வந்தாலும் அதே கார்டு செல்லும். நல்ல மாற்றம்தான்.

பின்பக்கத்தில் ஒரு வரி

கலிஃபோர்னியா கார்டைத் திருப்பிப் பாருங்கள். இந்த அட்டை அடையாளத்துக்கு மட்டுமே, இது தகுதிக்கு உத்தரவாதம் இல்லை என்று பொடி எழுத்தில் இருக்கும். அதே பக்கத்தில், இதைத் தூக்கி எறியாதீர்கள் என்றும் இருக்கும்.

பழைய காகித அட்டையே ஆதாரம். அது உங்கள் கையில் இருந்தது. பிளாஸ்டிக் கார்டில் இருப்பது உங்கள் நம்பர் மட்டும். ஆதாரம் எங்கேயோ ஒரு சர்வரில் இருக்கிறது. அதைக் கேட்க டாக்டர் ஆபீஸிடம் மெஷின் உண்டு, சென்னையில் நைட் ஷிப்டில் உட்கார்ந்திருக்கிற எனக்கு லாகின் உண்டு. கார்டுக்குச் சொந்தக்காரர் தானாகப் போய் விசாரித்தால்தான் உண்டு.

காகிதத்தின் நல்ல குணம் என்றேனே, அது இதுதான். மாசம் பிறந்து அட்டை வரவில்லை என்றால், ஏதோ கோளாறு என்று வீட்டிலேயே தெரிந்துவிடும். ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்னாடியே ஆபீஸில் போய்ச் சண்டை போடலாம். பிளாஸ்டிக் எதுவும் சொல்லாது. காப்பீடு போன அன்றும் அது பர்ஸில் அப்படியே பளபளப்பாக இருக்கும். ரத்து செய்வதாகத் தபாலில் நோட்டீஸ் வரணும். வரும். முகவரி மாறியிருந்தால்? போய்ச் சேராது.

2023-ல் என்ன நடந்தது

2020 மார்ச்சில், கோவிட் நேரத்தில் ஒரு சட்டம் வந்தது. கூடுதல் நிதி வாங்குகிற மாநிலங்கள் மெடிக்கெய்டில் இருக்கிறவர்களை நீக்கக் கூடாது. மூணு வருஷம் கார்டும் காப்பீடும் ஒன்றாகவே இருந்தன. சர்வரில் பேர் இருக்கா என்று யாரும் கவலைப்படத் தேவையில்லாமல் போனது.

2023 மார்ச் 31-ஓடு அந்தப் பாதுகாப்பு முடிந்தது. ஏப்ரலில் இருந்து மாநிலங்கள் மறுபடியும் தகுதியைச் சரிபார்க்க ஆரம்பித்தன. அடுத்த ஒன்றரை வருஷத்தில் நீக்கப்பட்டவர்கள் இரண்டரை கோடிக்கும் மேல். அதில் மூணில் ரெண்டு பங்குக்கு மேல் நடைமுறைக் காரணங்கள். ஃபார்ம் திரும்பி வரவில்லை, முகவரி தப்பு, ஒரு காகிதம் குறைகிறது, இப்படி. அவங்களுக்கு உண்மையில் தகுதி இருந்ததா இல்லையா என்று பார்க்கவே இல்லை.

அந்த ஆகஸ்ட் கடைசியில் இன்னொரு விஷயம் வெளியே வந்தது. பல மாநிலங்களின் கம்ப்யூட்டர்கள் தகுதியை ஆள் ஆளாகப் பார்க்காமல் குடும்பத்தோடு சேர்த்துப் பார்த்திருக்கின்றன. குழந்தைகளுக்கான வருமான வரம்பு பெரியவர்களுக்கானதைவிட அதிகம். அப்பாவுக்குத் தகுதி போனாலும் பிள்ளைக்கு இருக்கலாம். சிஸ்டம் வீட்டோடு சேர்த்து எல்லோரையும் வெளியே தள்ளியிருந்தது. அப்படி விழுந்தவர்கள், குழந்தைகளையும் சேர்த்து, சுமார் ஐந்து லட்சம். அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி மத்திய அரசு உத்தரவு போட்டது.

அக்டோபரில் அந்த வீசிங் குழந்தையின் ஃபைலை மறுபடி எடுத்தேன். போர்ட்டலில் 'ஆக்டிவ்' என்று வந்தது, ஜூனிலிருந்தே கணக்கு வைத்து. க்ளெய்மைத் திரும்ப அனுப்பினோம், பணம் வந்தது, பில் ரத்தானது. அந்தக் குழந்தையும் அந்த ஐந்து லட்சத்தில் ஒன்றா என்று ஸ்க்ரீனில் இருக்காது. இடையில் அந்த அம்மா இன்ஹேலரை எப்படி வாங்கினாங்க என்பதும் இருக்காது. காப்பீடு போய், திரும்ப வந்த அந்த மாசங்களில் கார்டில் மட்டும் ஒரு எழுத்துகூட மாறவில்லை.

இனிமேல்

ரெண்டு திசையிலும் இழுபறி நடக்கிறது. 2024 ஜனவரியிலிருந்து, ஒரு குழந்தையைச் சேர்த்துவிட்டால் 12 மாசத்துக்கு நீக்கக் கூடாது என்பது எல்லா மாநிலங்களுக்கும் பொருந்தும் விதி. கார்டில் சொல்கிற 'நிரந்தரம்' கொஞ்சமாவது நிஜமாகிற வழி இது. இன்னொரு பக்கம், 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டப்படி, விரிவாக்கத்தில் சேர்ந்த பெரியவர்களுக்கு ஆறு மாசத்துக்கு ஒரு தடவை தகுதிச் சோதனை. மாசம் 80 மணி நேரம் வேலை செய்ததாகக் கணக்கும் காட்டணும். 2018-ல் ஆர்கன்சா மாநிலம் இதைச் செய்து பார்த்தது. கணக்கு காட்டுகிற வெப்சைட் ராத்திரி 9 மணிக்கு மூடிவிடும், காலை 7 மணிக்குத்தான் திறக்கும். சில மாசங்களிலேயே 18,000-க்கும் மேல் பேர் காப்பீட்டை இழந்தாங்க. அவங்க யாரிடமிருந்தும் கார்டை யாரும் பிடுங்கவில்லை.

நான் அந்த வேலையை விட்டாச்சு. காகிதத்துக்கே திரும்பிப் போகலாம் என்றும் சொல்லவில்லை. ஒரு அரசாங்கம் "இனி அட்டை நிரந்தரம்" என்று சொன்னால், உள்ளே இருக்கிற உரிமை எத்தனை மாசத்துக்கு, அது போனால் எனக்கு யார் சொல்வாங்க என்று நான் இப்போது முதலில் கேட்கிறேன். நீங்களும் கேளுங்க.

உங்களில் யாராவது பில்லிங்கில் இருந்தால், உங்கள் சிஓ-27 கதையை எழுதி அனுப்புங்க. நோயாளி பேர் வேண்டாம், ஹிப்பா ஞாபகம் இருக்கட்டும். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.